பிங்ரியின் சிலையடியில் ஓர் உருளைக்கிழங்குப் பாத்தி

டெட்ராய்ட் நகர மன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கிராண்ட் சர்க்கஸ் பூங்காவில் நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஹேசன் பிங்ரியின் சிலை பற்றி எழுதுகிறேன். போர்வீரர், நான்கு முறை மேயர், இரண்டு முறை மிச்சிகன் ஆளுநர் என்றெல்லாம் அதன் பீடத்தில் பொறித்திருக்கிறார்கள். உருளைக்கிழங்கைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கு அது பெரிய குறையாகப் படுகிறது.

1840-ல் மெய்ன் மாநிலத்தில் பிறந்து, சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போனவர் அவர். அமெரிக்க உள்நாட்டுப் போரில் பிடிபட்டு ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் கிடந்தார். பசி என்றால் என்னவென்று அங்கேயே பார்த்திருப்பார். அப்புறம் டெட்ராய்ட்டுக்கு வந்து காலணித் தொழிற்சாலை நடத்திப் பணக்காரரானார். நம்மில் ஒருவர்தானே என்று நம்பித்தான் 1889-ல் வணிகர்கள் அவரை மேயர் தேர்தலில் நிறுத்தினார்கள். அவரோ கட்டணத்தைக் குறைக்கச் சொல்லி டிராம் கம்பெனிகளோடு மல்லுக்கு நின்றார்.

1893 நிதி நெருக்கடியில் ஆலைகள் மூடின. வேலையிழந்தவர்களில் போலந்து, ஜெர்மனியிலிருந்து வந்த குடியேறிகள் ஏராளம். மறு ஆண்டு பிங்ரி, சும்மா கிடக்கும் மனைகளை உழுது அவர்களுக்குக் கொடுப்போம் என்றார். ஏழைகள் சோம்பேறிகள், மண்ணைத் தொடமாட்டார்கள் என்று கேலி கிளம்பியது. தேவாலயங்களில் திரட்டிய நன்கொடையும் சொற்பம். தன் அருமைக் குதிரையை ஏலத்தில் விற்று அந்தப் பணத்தைப் போட்டார். முதல் ஆண்டிலேயே சுமார் 430 ஏக்கரில் தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் உருளைக்கிழங்கும் பீன்ஸும் டர்னிப்பும் பயிரிட்டன. பிறகு நியூயார்க்கும் பிலடெல்பியாவும் இதையே செய்தன.

கையேந்த வைக்காமல், நிலத்தையும் விதையையும் கொடுத்து ஒதுங்கி நின்றாரே, அதுதான் என்னை உலுக்குகிறது. வேலையில்லாதவரை அவர் சந்தேகிக்கவில்லை.

இன்றும் உங்கள் நகரத்தில் காலி மனைகளுக்குப் பஞ்சமில்லை. எங்கள் தெருவிலேயே அப்படி ஒன்றில் கத்தரியும் பீன்ஸும் போட்டிருக்கிறோம். அடுத்த ஆண்டும் அந்த மண் எங்களிடம் இருக்குமா என்ற கவலையோடுதான் ஒவ்வொரு முறையும் விதைக்கிறோம். பல ஆண்டுக் குத்தகையை எளிதாக்குங்கள். பீடத்தருகே பிங்ரியின் அந்தத் தோட்டங்களைப் பற்றி ஒரு பலகை வையுங்கள். கூடவே சிலையடியில் சின்னதாக ஒரு பாத்தி போட அனுமதியுங்கள். மே மாதத்துக்குள் ஒப்புதல் வந்தால் விதைக்கிழங்கை நாங்களே கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
உங்கள் நகரத்தில் தோட்டம் போடும் ஒருவர்