‘இடமில்லை’ எண்டால் எழுதித் தாங்கோ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

தரம் 1 அனுமதிக் காலம் வந்தால் உங்கட பேப்பர்ல பெரிய பள்ளிக்கூடங்களுக்கு நடக்கிற அடிபிடி, அன்பளிப்பு எண்டு காசு கேக்கிற கதை எல்லாம் வரும், அது தேவைதான். ஆனால் விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு அந்த நேரம் என்ன நடக்குது எண்டு எழுதுறது குறைவு, அதுதான் நான் எழுதுறன். கொட்டாஞ்சேனைப் பக்கம் ஒரு முன்பள்ளியில கன காலமா டீச்சரா இருக்கிறன். வருசா வருசம் எங்களிட்ட இருந்து தரம் 1க்குப் போற பிள்ளைகளில ஓட்டிசம், டவுன் சின்ட்ரோம், இல்லாட்டி காது கேக்கிறது குறைஞ்ச பிள்ளை எண்டு ஆராவது இருப்பினம். தாய் தகப்பன்மார் கேக்கிறது ஒண்டுதான், “டீச்சர், இவரை எங்க சேர்க்கிறது?”

கேட்டுப் பார்த்தால் வழி கனக்க இருக்கிற மாதிரித்தான் தெரியும். சாதாரண வகுப்பிலயே விடலாம், இல்லாட்டி சாதாரண பள்ளிக்கூடத்துக்குள்ள இருக்கிற விசேட கல்வி அலகு, யூனிட் எண்டு எல்லாரும் சொல்லுறது, அதில விடலாம், அதுவும் சரிவராட்டி அரச உதவி பெறுற விசேட பாடசாலைகள் இருக்கு, இரத்மலானையில காது கேளாத கண் தெரியாத பிள்ளைகளுக்கெண்டு 1912இல தொடங்கின பள்ளிக்கூடம் எல்லாருக்கும் தெரியும். காசுள்ள ஆக்கள் இன்டர்நேஷனல் ஸ்கூல்ல சேர்த்து, பிள்ளைக்குப் பக்கத்தில இருக்க ஒரு ஷடோ டீச்சரையும் தாங்களே சம்பளம் குடுத்து வைக்கினம். இதில எது நல்லது எண்டு பொதுவாச் சொல்ல ஏலாது. எல்லாப் பிள்ளையையும் சாதாரண வகுப்பில இருத்தினால் சரி எண்டும் நான் சொல்லேல்லை. சைகை மொழியில கதைக்கிற பிள்ளைக்கு அதே மொழி தெரிஞ்ச பிள்ளைகள் சுத்தவர வேணும், அது இல்லாத வகுப்பில எத்தனை பேர் இருந்தாலும் அந்தப் பிள்ளை தனியத்தான் இருக்கும். டவுன் சின்ட்ரோம் உள்ள கனக்கப் பிள்ளைகள் அப்பிடி இல்லை, மற்றப் பிள்ளைகள் செய்யிறதைப் பார்த்துப் பார்த்துத்தான் பழகுதுகள், அதுகளை ஒதுக்கி ஒரு அறைக்குள்ள வச்சால் ஆரைப் பார்த்துப் பழகிறது?

பிள்ளையைப் பார்த்து, ரிப்போர்ட்டைப் பார்த்து, தாய் தகப்பனோட கதைச்சு முடிவெடுத்தால் எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. நடக்கிறது அதில்லையே. எங்கட பள்ளியில படிச்ச ஒரு மகனுக்கு ஓட்டிசம், 100 வரைக்கும் எண்ணுவார், வாசலால போற பஸ்ஸின்ட நம்பரைப் பார்த்து அது எங்க போகுது எண்டு சொல்லுவார். இன்டர்வியூவுக்கு அவர்ட அம்மா கூப்பிட்டு நானும் கூடப் போனனான். வாக்காளர் இடாப்பு, காணி உறுதி, லைட் பில், தண்ணி பில் எல்லாத்தையும் புரட்டிப் புரட்டிப் பார்த்து, வீடு கிட்டத்தான் எண்டதுக்குப் புள்ளி போட்டினம். பிறகு பிள்ளையிட்ட பேரென்ன எண்டு கேட்டினம், அவர் பதில் சொல்லேல்லை, எழும்பிப் போய் மேல சுத்துற ஃபேனைப் பார்த்துக்கொண்டு நிண்டார். அவ்வளவுதான். “அம்மா, பிள்ளை பாவம், இஞ்ச இப்பிடியான பிள்ளைகளைப் பார்க்க டீச்சர்மார் இல்லை, உங்கட நல்லதுக்குத்தான் சொல்லுறம், வேற இடம் பாருங்கோ” எண்டு நல்ல பண்பாத்தான் சொன்னவை. ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரி கிளினிக்கில குடுத்த ரிப்போர்ட் ஃபைலுக்குள்ள இருந்தது, அதை ஒருத்தரும் கையில எடுக்கேல்லை.

எனக்குக் கோபம் வாறது இந்த வாயால சொல்லி அனுப்புற வேலையிலதான். இயலாமையுள்ள ஆக்களின்ட உரிமைகளைப் பாதுகாக்கிற 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின்ட 23ஆம் பிரிவு, இயலாமையைக் காரணம் காட்டிப் பள்ளிக்கூட அனுமதியில பாகுபாடு காட்டக் கூடாது எண்டு தெளிவாச் சொல்லுது. 2016இல கட்டாயக் கல்வி வயசை 5இல இருந்து 16 வரைக்கும் ஆக்கினவை, அதே வருசம்தான் இயலாமையுள்ள ஆக்களின்ட உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் இலங்கை ஏற்று உறுதிப்படுத்தினது. இவ்வளவும் இருந்தும் அந்த அம்மா போய் வலயக் கல்விப் பணிமனையிலயோ மனித உரிமை ஆணைக்குழுவிலயோ என்னத்தைக் காட்டுறது, கையில ஒரு துண்டுக் கடதாசி இல்லையே. பள்ளிக்கூடத்தைக் கேட்டால் “நாங்கள் மறுக்கேல்லை, அவையளாத்தான் வேற இடம் பாக்கப் போனவை” எண்டு சொல்லிப்போட்டுப் போயிடலாம்.

யூனிட்டில இடம் கிடைச்சாலும் நிம்மதி எண்டு சொல்ல ஏலாது. பிள்ளையைத் தயார்படுத்திச் சாதாரண வகுப்புக்கு அனுப்புறதுதான் யூனிட்டின்ட நோக்கம். நான் போய்ப் பார்த்த ஒரு யூனிட்டில 6 வயசுப் பிள்ளையும் 14 வயசுப் பிள்ளையும் ஒரே அறை, ஒருத்தருக்குக் காது கேளாது, ஒருத்தருக்கு ஓட்டிசம், எல்லாருக்கும் ஒரே ஒரு டீச்சர், அந்த மிஸ்ஸைக் குறை சொல்ல மனம் வராது, அவ என்னதான் செய்வா. அப்பிடியான அறைக்குள்ள போன பிள்ளை பிறகு வெளியில வாறது குறைவு. ஆனால் இன்னொரு பள்ளிக்கூடத்தில எங்கட பழைய பிள்ளை ஒருத்தி யூனிட்டில இருந்துகொண்டே சித்திரத்துக்கும் சங்கீதத்துக்கும் தரம் 2க்குப் போய் வந்தவ, கதவடி வாங்கில இருக்க விட்டவை, சத்தம் தாங்க ஏலாட்டி எழும்பி யூனிட்டுக்கு வரலாம் எண்டு சொல்லி. அடுத்த வருசம் கணிதத்துக்கும் போனா. அதுக்கு அமைச்சில இருந்து ஒண்டும் வரத் தேவை இருக்கேல்லை, ரெண்டு டீச்சர்மார் டைம்டேபிளை வச்சுக் கதைச்சினம், அதிபர் ஓம் எண்டார்.

தமிழ்ப் பிள்ளை எண்டால் இன்னொரு வில்லங்கம். வீட்டுக்குக் கிட்ட இருக்கிற யூனிட் சிங்கள மொழி மூலம், ஸ்பீச் தெரபியும் சிங்களத்தில, தமிழ் தெரிஞ்ச தெரபிஸ்ட் கிடைக்கிறது பெரிய பாடு. தமிழ்ல படிக்க வேணும் எண்டு, காது கேளாத கண் தெரியாத பிள்ளைகளுக்கான கைதடி நவீல்ட் பாடசாலைக்கு அனுப்புவமோ எண்டு யோசிக்கிற வீடுகளும் இருக்கு, அந்த வயசில பிள்ளையை யாழ்ப்பாணத்தில விட்டிட்டு தாய் இஞ்ச எப்பிடி இருக்கிறது. இதுக்குள்ள ரெண்டு மொழி கேட்டால் பிள்ளை குழம்பிப் போகும், வீட்டிலயும் இங்கிலீஷ் மட்டும் கதையுங்கோ எண்டு புத்தி சொல்லுற ஆக்கள் வேற. ரெண்டு மொழி கேட்டு வளர்றதால ஓட்டிசம் வாறதும் இல்லை, கூடுறதும் இல்லை, இதை ஆய்வு செய்து பார்த்து எப்பவோ சொல்லிப்போட்டினம். அந்தப் புத்தியைக் கேட்டு நடந்த வீட்டில பிள்ளைக்கு அம்மம்மாவோட கதைக்க மொழி இல்லாமல் போனதுதான் மிச்சம்.

வலயக் கல்விப் பணிமனைகளிட்ட நான் கேக்கிறது பெரிய விசயம் இல்லை. ஒரு பிள்ளைக்கு இடம் இல்லை எண்டால் ஏன் இல்லை, அப்ப எந்தப் பள்ளிக்கூடம் எண்டு அதிபர் கையெழுத்து வச்சு எழுதித் தர வேணும், அந்தக் கடிதத்தின்ட கொப்பி விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளருக்கும் போக வேணும். யூனிட்டில இருக்கிற பிள்ளையை வருசத்துக்கு ஒருக்காவது தாய் தகப்பனையும் இருத்திவச்சுத் திரும்பப் பார்க்க வேணும், 5 வயசில எடுத்த முடிவு 14 வயசு வரைக்கும் அப்பிடியே கிடக்கக் கூடாது. தாய் தகப்பன்மாரும் விண்ணப்பத்தைப் பதிவுத் தபாலில அனுப்பி ரசீதைக் கவனமா வச்சிருங்கோ, வாயால சொன்னால் “எழுதித் தாங்கோ” எண்டு கேளுங்கோ, தராட்டி 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேக்கலாம், தமிழிலயே கேக்கலாம்.

உங்களிட்டயும் ஒரு வேண்டுகோள் ஐயா. கொழும்பில எந்தெந்தத் தமிழ் மொழி மூலப் பள்ளிக்கூடத்தில யூனிட் இருக்கு, பயிற்சி பெற்ற டீச்சர் எத்தனை பேர், இப்ப எத்தனை பிள்ளைக்கு இடம் இருக்கு எண்டு உங்கட நிருபர்மாரை விட்டுக் கேட்டு எடுத்து ஒரு பக்கத்தில போடுங்கோ. தரம் 1 விண்ணப்ப முடிவு திகதிக்கு முதல் போட்டால்தான் பிரயோசனம்.

இப்படிக்கு,
முன்பள்ளி ஆசிரியை ஒருவர்,
கொழும்பு 13