சம்பந்தியின் மாத்திரையும் என் மாத்திரையும்

தண்டையார்பேட்டை

அன்புள்ள பாப்பா,

மாமாவுக்கும் எனக்கும் ஒரே நெஞ்சுவலிதானே, மாத்திரை மட்டும் ஏன் வேறு வேறு என்று கேட்டிருந்தாய். மெட்டோப்ரொலால் போட்டால் சோர்வாக இருக்கிறதென்று, என்னுடைய டில்டியாசெமுக்கு மாறப் பார்க்கிறார் என்றும் சொன்னாய். கேட்டதிலிருந்து எனக்கு அதே கவலை. அவராக எதையும் மாற்ற வேண்டாம் என்று சொல்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் சுருங்கிக் கிடக்கிறது. வேகமாக நடந்தால், படியேறினால், இதயம் கேட்கிற ஆக்சிஜன் போய்ச் சேராது. அதுதான் வலி. மெட்டோப்ரொலால் துடிப்பைக் குறைத்து இதயத்தின் வேலையைக் குறைக்கும். இந்த வகையில் முன்னோடி ப்ராப்ரனலால். அதை உருவாக்கிய ஜேம்ஸ் பிளாக்குக்கு 1988இல் நோபல் பரிசே கொடுத்தார்கள். டில்டியாசெம் துடிப்பையும் குறைக்கும், ரத்தக் குழாயையும் தளர்த்தும். வலியைத் தடுப்பதில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆள்தான் வித்தியாசம். எனக்கு வீசிங் உண்டு. மெட்டோப்ரொலால் மூச்சுக்குழாயை இறுக்கிவிடலாம் என்றுதான் டாக்டர் டில்டியாசெமைக் கொடுத்தார். மாமாவுக்கு ஏற்கெனவே ஒரு அட்டாக் வந்திருக்கிறது. அதில் இதயம் பலவீனமாகியிருந்தால் டில்டியாசெம் கெடுதல் செய்யும்.

இன்னொன்று, மெட்டோப்ரொலாலைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. வலி முன்னைவிட மோசமாகத் திரும்பும், அட்டாக்கே வரலாம். அதை விடாமல் என்னுடையதையும் சேர்த்துப் போட்டாலோ, துடிப்பு ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். சோர்வை டாக்டரிடம் சொன்னால் அளவை மெல்லக் குறைப்பார், இல்லை வேறு வழி பார்ப்பார். என் மாத்திரையும் சும்மா விடுவதில்லை, சாயங்காலமானால் கணுக்கால் வீங்குகிறது. ஆனால் காசிமேட்டில் மீன் வாங்கிக்கொண்டு நின்று நின்று வந்தவன், இப்போது ஒரே நடையாக வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

நாக்கடியில் வைக்கும் சார்பிட்ரேட் எங்கள் இரண்டு பேருக்கும் பொது. வலி வந்ததும் உட்கார்ந்துகொண்டுதான் வைக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். தலைவலி வந்தால் பயப்பட வேண்டாம். ஐந்து நிமிடத்தில் வலி அடங்கவில்லையென்றால் 108க்குப் போன் செய்யுங்கள், ஆட்டோ தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

ஆஸ்பிரினும் கொலஸ்ட்ரால் மாத்திரையும் வலியைத் தணிக்காது என்பதால் மாமா அவற்றை விட்டுவிடப் போகிறார், பார்த்துக்கொள். அட்டாக்கைத் தடுக்க அவைதான் வேண்டும்.

சீட்டை எடுத்துக்கொண்டு இந்த வாரமே அவரை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ. அதற்கு முன்னால் ஒரு நாள் போனை அவரிடம் கொடு, நானே பேசுகிறேன்.

அன்புடன்,
அப்பா