இளைத்ததற்குப் பாராட்டு

ஆசிரியருக்கு,

என் மகள் இளைக்கத் தொடங்கியபோது, வந்தவர்கள் எல்லாரும் "அடடா, எப்படி இளைச்சே?" என்றுதான் கேட்டார்கள். எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்! சாப்பாட்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கி ஒதுக்கி, சாப்பிட்டதுபோல் அவள் காட்டியதை நான் கவனிக்கவில்லை. 4 மாதம் மாதவிடாய் வரவில்லை. சீப்பு நிறைய முடி. கைகளில் மட்டும் பூனைமுடி அடர்ந்தது. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு வெறும் 44 என்றதும் மருத்துவர் அன்றே உள்நோயாளியாகச் சேர்த்தார். எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் சாப்பாட்டையே ஒதுக்கவைக்கும் நோயாம்; 'அனோரெக்சியா' என்ற அந்தச் சொல்லை அன்றுதான் கேட்டேன். உயிரிழப்பு மிக அதிகமுள்ள மனநோய்களில் இதுவும் ஒன்றாம்.

பிரான்சில் 2017 முதல், விளம்பரத்தில் மாடலின் உடலை மெலியவைத்துத் திருத்தினால் அதைப் படத்திலேயே சொல்ல வேண்டும். உங்கள் இணைப்பிதழில் வந்த 'பத்தே நாளில் ஒல்லி இடை' பக்கம், அவள் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டியிருந்தது. அந்தப் பகுதியை நிறுத்துங்கள்.

ஒரு தாய்
(பெயர் வேண்டாம்)