பையன் தேறிவிட்டான்

அன்பு மாப்பிள்ளைக்கு,

எட்டு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதை நேரில் வந்து திட்டு. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது. மற்றபடி எல்லோரும் நலம்.

கிணற்றுமேட்டு வீட்டுப் பையன் ராணுவத்துக்குத் தேறிவிட்டான்! ஒன்றரை வருடம் விடிவதற்கு முன்பே ஏரிக்கரையில் ஓடவிட்டேன். போன முறை ஓட்டத்தில் தவறி, இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. இந்த முறை 1.6 கிலோமீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்திருக்கிறான். கேட்டதும் நான் ராணுவத் தேர்வுக்குப் போன 1984 நினைவுக்கு வந்துவிட்டது. எடை குறைந்துவிடக் கூடாதென்று எடை பார்க்கும் வரிசையில் நீ என் வாயில் திணித்த அந்த ஒரு சீப்பு வாழைப்பழம்! பாவி, இன்றுவரை அந்தப் பழத்தை நான் தொடுவதில்லை.

பள்ளி நாட்களில் ஞாயிற்றுக்கிழமை என்றாலே எனக்குப் பயம். பள்ளி இல்லையென்றால் மதியச் சோறு இல்லை. வெலிங்டனில் பயிற்சிக்குச் சேர்ந்த முதல் வாரம், லங்கரில், அதாவது ராணுவச் சாப்பாட்டுக்கூடத்தில், தட்டை நீட்டினால் மறுபடியும் போட்டார்கள். இரண்டு சப்பாத்தியை மடித்துக் கால்சட்டைப் பையில் ஒளித்துவைத்தேன். பயிற்சி தரும் உஸ்தாத் பார்த்துவிட்டார். அடிக்கவில்லை. "நாளைக்கும் உண்டு" என்றார். அதை நம்ப எனக்கு மூன்று மாதம் ஆனது. உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

நேற்று பையனின் அம்மா வந்தாள். "நான்கு வருடம் முடிந்தால் என்ன செய்வான் அண்ணா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நான் 17 வருடம் இருந்தேன். 15 வருடம் முடித்தாலே சிப்பாய்க்கு ஓய்வூதியம். அதில்தான் இந்த வீடு நிற்கிறது. பையன் சேர்வது 2022-இல் வந்த அக்னிபத் ஆள்சேர்ப்புத் திட்டத்தில். அதில் நான்கு வருடம் முடித்தவர்களில் 25 சதவீதம் பேர்வரைதான் நிரந்தரம். மற்றவர்களுக்கு முடிவில் மொத்தமாகத் தரும் சேவா நிதி ஏறக்குறைய 11.71 லட்சம் ரூபாய் உண்டு, ஓய்வூதியம் கிடையாது. அதிலும் பாதி அவர்கள் சம்பளத்தில் பிடித்த பணம். ஓடு ஓடு என்று விரட்டியவன் நான். 22 வயதில் அவன் திரும்பி வந்து என் வாசலில் நின்றால்?

போகாதே என்று சொல்லவும் மனம் வரவில்லை. போன மாதம் இங்கே சாப்பிட்டவன், தங்கைக்கென்று இரண்டு இட்லியைத் துண்டில் முடிந்துகொண்டு போனான்.

நீ வங்கியில் முப்பது வருடம் இருந்தவன். அந்தப் பணத்தை எப்படி வைத்துக்கொள்வது, அஞ்சல் வழியில் அவன் பட்டம் படிக்க முடியுமா என்று அந்த அம்மாவுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல். அவன் கிளம்புவதற்குள் வா.

உன்,
பழைய சிப்பாய்