எட்டு வருடம் ஏன் ஆனது என்று கேட்டாயே

ஓக்லாண்ட், கலிபோர்னியா

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மாடிப்படி ஏறுகிறாய் என்பதே பெரிய சேதி. சின்னவளுக்கு வரன் தகைந்ததைச் சொன்னதும் சரோஜா முகூர்த்தத் தேதியைத்தான் முதலில் கேட்டாள். விமான டிக்கெட் போட வேண்டுமாம். தேதி முடிவானதும் எழுது. இங்கே எல்லோரும் நலம். பேரனைப் பள்ளியில் விட்டபிறகு எனக்கு வேலை எதுவும் இல்லாததால் ஊரைச் சுற்றி நடக்கிறேன், கண்ணில் பட்ட பாலத்தையெல்லாம் அண்ணாந்து பார்க்கிறேன். பழக்கம் போகுமா?

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். லாஸ் ஏஞ்சல்ஸில் நிலநடுக்கத்தில் விழுந்த மேம்பாலத்தை 66 நாளில் எழுப்பிய மாநிலம், ஓக்லாண்டில் விழுந்ததை எழுப்ப ஏன் எட்டு வருடம் எடுத்துக்கொண்டது, அங்கேயும் ஃபைல் தூங்குமா என்று கேட்டிருக்கிறாய். ஃபைல் தூங்கவில்லையடா. எங்கே கட்டுவது என்று சண்டை நடந்தது. அந்தச் சண்டை நடந்திருக்க வேண்டியதுதான் என்பது என் கட்சி.

லாஸ் ஏஞ்சல்ஸ் கதை உனக்குப் பிடித்த மாதிரிக் கதை. 1994 ஜனவரி 17 விடிகாலையில் நார்த்ரிட்ஜ் நிலநடுக்கம் வந்து சாண்டா மோனிகா நெடுஞ்சாலையின் மேம்பாலங்களைச் சாய்த்தது. ஆளுநர் பீட் வில்சன் அவசரநிலை அறிவித்து, வழக்கமான அனுமதி நடைமுறைகளை ஒதுக்கி வைத்தார். 140 நாள் கெடு. அதற்கு முன்னால் முடிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 2 லட்சம் டாலர் ஊக்கத்தொகை, தாமதித்தால் அபராதம். சி.சி. மயர்ஸ் என்ற காண்ட்ராக்டர் ராத்திரி பகலாக ஆள் விட்டு 74 நாள் முன்னதாகவே முடித்துவிட்டார். அருமையான வேலை, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே சாலை எந்த இடத்தில் போக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. விழுந்த இடத்திலேயே, அதே அலைன்மென்ட்டில் திரும்பவும் தூக்கி நிறுத்தினார்கள்.

ஓக்லாண்டில் விழுந்தது வேறு மாதிரி. 1989 அக்டோபர் 17, மாலை 5.04. லோமா பிரியேட்டா நிலநடுக்கம், அளவு 6.9. மையம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் உள்ளே, சாண்டா குரூஸ் மலைப்பக்கம். அவ்வளவு தூரத்தில் நடந்ததற்கு எங்கள் மேற்கு ஓக்லாண்டில் சைப்ரஸ் மேம்பாலம் ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டருக்கு மடங்கி விழுந்தது. நிலநடுக்கத்தில் மொத்தம் செத்தவர்கள் 63 பேர், அதில் 42 பேர் இந்த ஒரு பாலத்தில். அன்றைக்கு சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் இரு கரை அணிகளுக்கும் பேஸ்பால் இறுதித் தொடர் ஆட்டம். டிவி முன்னால் உட்காரப் பலர் சீக்கிரமே வீட்டுக்குப் போய்விட்டதால் சாலையில் வண்டி குறைவாக இருந்தது, இல்லாவிட்டால் கணக்கே வேறாக இருந்திருக்கும் என்கிறார்கள்.

ஏன் விழுந்தது என்று உனக்கு விளக்க வேண்டியதில்லை, வரைபடம் போட்டால் நீயே சொல்லிவிடுவாய். 1957இல் திறந்த ஈரடுக்கு மேம்பாலம், மேலே ஒரு திசை, கீழே ஒரு திசை. மேலடுக்கின் தூண்கள் கீழடுக்கில் வந்து உட்காரும் மூட்டில் நெடுங்கம்பி தாராளமாக இருக்கிறது, அதைச் சுற்றி இறுக்கிப் பிடிக்கும் ரிங் கம்பி போதவில்லை. பக்கவாட்டில் ஆட்டியதும் அந்த மூட்டில் கான்கிரீட் பிளந்து தூண் வெளியே வழுக்க, மேல் தளம் அப்படியே கீழ் தளத்தின் மேல் இறங்கிவிட்டது. 1977இல் தளங்களின் இணைப்புகளில் இரும்புக் கயிறு போட்டுப் பலப்படுத்தியிருந்தார்கள், தூணை யாரும் தொடவில்லை. அப்புறம் மண். விழுந்த பகுதி விரிகுடாச் சேற்றின் மேல் நின்றது. தெற்கே கெட்டி மண்ணில் இருந்த பகுதி நின்றுகொண்டது. ஒரே டிசைன், ஒரே வயது, மண் மட்டும் வேறு. வகுப்பில் மண் விசையியலைத் தூங்கிக் கழித்த நம் கூட்டாளிகளுக்கு இதைக் காட்ட வேண்டும்.

முதலில் ஓடி வந்தவர்கள் பக்கத்துத் தெருக்காரர்களும் தொழிற்சாலை ஆட்களும்தான். ஏணி, கயிறு, ஃபோர்க்லிஃப்ட் எது கிடைத்ததோ அதை வைத்துக்கொண்டு ஏறினார்கள். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் பாலத்தால் அதிகம் கெட்டவர்களும் அவர்களே. மேற்கு ஓக்லாண்ட் ரயில் பெட்டிகளில் வேலை பார்த்த கறுப்பினத் தொழிலாளர்களின் பேட்டை. புல்மேன் போர்ட்டர்கள் என்ற தூங்கும் வசதிப் பெட்டி ஊழியர்களின் சங்கத்துக்கு இங்கே அலுவலகம் இருந்தது. ஏழாவது தெரு முழுக்கக் கடையும் இசை கிளப்புமாக இருந்ததாம். 1950களில் அந்தப் பேட்டையின் நடுவே வீடுகளை இடித்துத் தூண்களை நட்டார்கள். ஊர் இரண்டாகப் பிளந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு துண்டு தனியாக ஒதுங்கியது. பிறகு பெரிய தபால் நிலையத்துக்காக இடிப்பு, அப்புறம் பார்ட் என்ற நகர ரயிலின் உயரப் பாதை. எங்கே கோடு போட்டால் நில எடுப்புச் செலவு குறையும், எங்கே எதிர்த்துப் பேச வக்கீல் வைக்க மாட்டார்கள் என்று எல்லா ஊர் நெடுஞ்சாலைத் துறைக்கும் தெரியும். உனக்கும் எனக்கும் தெரியும்.

நாளைக்குச் சுமார் 1,60,000 வண்டிகள் போன சாலை அது. துறைமுகம் பக்கத்தில். அதே இடத்தில் சீக்கிரம் கட்டிவிடலாம் என்று அதிகாரிகளுக்குத் தோன்றியதில் ஆச்சரியமில்லை, நிலம் ஏற்கெனவே கையில் இருக்கிறதே. ஊர்க்காரர்கள் மாட்டேன் என்றார்கள். பாலம் நின்றவரை யார் எதிர்த்தாலும் அது நின்றிருக்கும். விழுந்த பிறகு வாதம் திரும்பிவிட்டது: ‘இல்லாத சாலையை எங்கள் நடுவில் ஏன் கொண்டுவருகிறீர்கள்?’ கடைசியில் மேற்கே ரயில் யார்டுகளை ஒட்டி, குடியிருப்பைச் சுற்றிக்கொண்டு போகும் புதுப் பாதைக்கு முடிவானது.

காலமும் பணமும் அங்கேதான் போயின. ஓடிக்கொண்டிருக்கும் ரயில் யார்டை நகர்த்து, தண்டவாளத்தை மாற்று, தொழிற்சாலைக் கழிவு ஊறிய மண்ணைத் தோண்டி அப்புறப்படுத்து, மறுபடியும் அதே சேற்றில், ஆனால் இந்தத் தடவை ஒழுங்காக அஸ்திவாரம் போடு. புதிய பாதையிலும் புகை எங்கள் பக்கம்தான் வருகிறது என்று 1993இல் ஊர்க்காரர்கள் போட்ட ஒரு வழக்கு வேறு. 1997 ஜூலையில் திறந்தார்கள், எல்லா இணைப்பும் முடிய மேலும் சில ஆண்டுகள் ஆயின. செலவு 120 கோடி டாலருக்கு அருகே. பதினாறாவது தெருப் பழைய ரயில் நிலையம் நிலநடுக்கத்தில் அடிபட்டிருந்தது. தண்டவாளமும் நகர்ந்துவிட, இன்று ரயில் வராத ஸ்டேஷனாக நிற்கிறது.

பாலம் நின்ற இடத்தில் இப்போது மண்டேலா பார்க்வே, நடுவில் மரமும் நடைபாதையுமாக அகலமான தெரு. நெல்சன் மண்டேலா விடுதலையான சில மாதங்களில், 1990 ஜூனில், ஓக்லாண்ட் அரங்குக்கு வந்து பேசினார். பார்க்வே 2005இல்தான் முடிந்தது. அதையும் எட்டு வருடத்தில் சேர்த்தால் உன் கோபம் இரட்டிப்பாகும்! எனக்கு இன்னும் பிடித்தது வேறொன்று. சாலை வேலையில் எங்கள் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று ஊர்க்காரர்கள் கேட்டதில் பிறந்த சைப்ரஸ் மண்டேலா பயிற்சி மையம். கட்டுமானத் தொழிலைச் சொல்லிக்கொடுத்து ஆட்களை வேலைக்கு அனுப்பும் இடம். சாலைத் திட்டத்தின் எஸ்டிமேட்டில் நாம் இப்படி ஒரு தலைப்பைப் பார்த்ததுண்டா?

இதெல்லாம் சுபம் என்று நான் சொல்லவில்லை. லாரி துறைமுகத்துக்கு வரத்தான் செய்கிறது, டீசல் புகை மேற்கு ஓக்லாண்டை விட்டுப் போகவில்லை. தெரு அழகானதும் வாடகை ஏறியது. போராடிய குடும்பங்களில் எத்தனை இன்னும் அங்கே இருக்கின்றன என்று கேட்டால் எவரும் சிரமப்பட்டுத்தான் பதில் சொல்வார்கள்.

தண்ணீருக்கு அந்தப் பக்கம் சான் பிரான்சிஸ்கோவில் இதே கேள்வி வேறு விதமாக வந்தது. கரையோரம் எம்பார்கடெரோ என்ற ஈரடுக்கு மேம்பாலம், ஃபெர்ரி கட்டடத்தின் முகத்தை மறைத்துக்கொண்டு. 1986இல் இடிக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுத்தார்கள், வேண்டாம் என்றார்கள். 1989 நிலநடுக்கத்தில் அது விழவில்லை, அடிபட்டு நின்றது. பலப்படுத்தியிருக்கலாம். மேயர் ஆர்ட் அக்னோஸ் இடிப்போம் என்றார். சைனாடவுன் வியாபாரிகள் கொதித்தார்கள், அவர்கள் கடைக்கு ஆள் கொண்டுவந்த சாலை அது. நகரசபையான மேற்பார்வையாளர் சபையில் 6க்கு 5 என்று மயிரிழையில் இடிப்பு நிறைவேறியது. 1991இல் இடிக்கத் தொடங்கினார்கள், அதே ஆண்டுத் தேர்தலில் அக்னோஸ் தோற்றார். இன்று கரையோரத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் நல்ல முடிவு என்கிறார்கள். ஆமாம், நல்ல முடிவுதான். ஆனால் போன சாலைக்கு ஈடாகச் சைனாடவுனுக்குப் போகும் சுரங்க ரயில் ஓட 2022 ஆகிவிட்டது. கரையில் காபி குடிப்பவர்களுக்குக் கிடைத்த காட்சிக்கு விலை கொடுத்தது மேட்டுத் தெருவில் கடை வைத்திருந்தவர்கள். வியாபாரிகளுக்காக முன்னால் நின்ற ரோஸ் பாக்கின் பெயரை அந்த ஸ்டேஷனுக்கு வைத்திருக்கிறார்கள்.

அதனால்தான் எனக்கு ‘எத்தனை நாளில் கட்டினார்கள்’ என்ற கணக்கில் நாட்டமில்லாமல் போயிற்று. கோபேயில் 1995இல் ஹான்ஷின் மேம்பாலம் 635 மீட்டருக்குக் கவிழ்ந்தது. 1996 செப்டம்பருக்குள் அதே இடத்தில் அதே உயரத்தில் திரும்ப ஓடவிட்டார்கள். ஜப்பான்காரர்களின் திறமையை மெச்சலாம். ஆனால் மறு கட்டுமானத்துக்கு முதல் எஸ்டிமேட் போடுமுன், இந்தக் கோடு முதலிலேயே சரியா என்று கேட்கப் பேரிடர் ஒரு சந்தர்ப்பம் தருகிறது. காண்ட்ராக்டரின் கெடு ஓட ஆரம்பித்தால் அந்தக் கேள்வியைக் கேட்க நேரமிருக்காது. கேட்டபின் பழைய இடத்திலேயே கட்டுவது என்று முடிவானால், தாராளமாக மயர்ஸைக் கூப்பிடு, ஊக்கத்தொகையும் கொடு.

நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும். அந்த எட்டு வருடம் டிராஃபிக்கில் வெந்தவனையும் கேள் என்பாய். நியாயம்தான். பார்ட் ரயில் ஆரம்பத்தில் ராத்திரியும் ஓடியது, படகுப் போக்குவரத்தைத் திரும்பக் கொண்டுவந்தார்கள், படகு இன்றும் ஓடுகிறது. இருந்தாலும் லாரிக்காரன் படகில் போக முடியாது. உன் எதிர்வாதத்தைக் கடிதமாகவே எழுது, வாட்ஸாப்பில் கட்டைவிரலைக் காட்டி முடித்துவிடாதே. தங்கச்சியை நாங்கள் இருவரும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
சேகர்

பி.கு.: மயர்ஸ் எங்கள் ஊரிலும் ஒரு வேலை செய்தார். 2007 ஏப்ரலில் பெட்ரோல் டேங்கர் எரிந்து சாலைச் சந்திப்பில் ஒரு மேம்பாலம் உருகி விழுந்தது. 26 நாளில் திறந்துவிட்டார்கள். அவர் கேட்ட டெண்டர் தொகை 8,67,075 டாலர், வாங்கிய ஊக்கத்தொகை 50 லட்சம் டாலர். நம் ஆடிட்காரர்களிடம் இந்த பில்லைக் காட்டியிருந்தால் எத்தனை அப்ஜெக்‌ஷன் எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பார்.