ஆளுமைத் தேர்வுக்கு ‘ஆன்சர் கீ’ கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கேம்பஸ் இன்டர்வியூவுக்காக ஆப்டிட்யூட், கோடிங் சுற்றுகளுக்கு மாதக்கணக்கில் பயிற்சி தரும் கல்லூரிகள் பல, அவற்றோடு சேர்த்தே நடத்தப்படும், குணத்தை அளக்கும் ஆளுமைத் தேர்வைப் பற்றி ஒரு மணி நேரம்கூடப் பேசுவதில்லை. அதனால் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஆன்சர் கீ’யை மாணவர்கள் நம்புகிறார்கள். எல்லாவற்றுக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ என்று டிக் அடித்தால் போதும் என்கிறது அது. இந்தத் தேர்வுகளுக்கு மாணவர்களைத் தயார்செய்பவர்கள் என்ற முறையில், அது ஏன் பலிக்காது என்பதை விளக்க விரும்புகிறோம்.

பல தேர்வுகளின் அடிப்படை ஐந்து பண்புகள்: புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். பொறுப்புணர்வுக்குப் பத்து வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் ‘முழுமையாக உடன்படுகிறேன்’ முதல் ‘கொஞ்சமும் உடன்படவில்லை’ வரை ஐந்து பதில்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து நேரானவை: ‘எடுத்த வேலையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததைத் தொடுவேன்.’ மீதி ஐந்து தலைகீழ்: ‘வேலையைக் கடைசி நேரம்வரை தள்ளிப்போடுவேன்.’ முழுமையாக உடன்பட்டால் நேர் வாக்கியத்துக்கு 5 மதிப்பெண், தலைகீழ் வாக்கியத்துக்கு 1. ஆக, எல்லாவற்றுக்கும் ஒரே பதிலை அடித்தவருக்கு 25ம் 5ம் சேர்ந்து 30. குறைந்தது 10, அதிகம் 50 என்ற அளவில் அது நட்டநடு. உண்மையிலேயே பொறுப்பான பிள்ளைகூட இப்படித்தான் ‘சராசரி’ ஆகிறது. போதாக்குறைக்கு, பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன என்ற குறிப்பும் அறிக்கையில் ஏறலாம்.

நல்ல பெயர் வாங்கித் தரும் பதிலாகப் பார்த்துப் பொறுக்குபவர்களுக்கும் சில தேர்வுகளில் தனிக் கேள்விகள் உண்டு. ‘நான் யாரைப் பற்றியும் ஒருபோதும் புறம் பேசியதில்லை’ என்ற வாக்கியத்துக்கு மனசாட்சியோடு உடன்படக்கூடியவர்கள் மிகச் சிலரே. இதுபோன்ற நான்கைந்துக்கும் தலையாட்டினால், தன்னை மிகைப்படுத்திக் காட்டுகிறார் என்று பதிவாகும். பிறகு மற்ற மதிப்பெண்களையும் எச்.ஆர். சந்தேகத்தோடுதான் பார்ப்பார். வேலைக்கு ஆள் எடுக்கும் நிறுவனங்கள் பயன்படுத்தும் ஓபிக்யூ32 என்ற ஆளுமைத் தேர்வின் ஒரு வடிவத்தில் மும்மூன்று வாக்கியங்களாக 104 தொகுதிகள் வரும். மூன்றுமே நல்ல குணங்களாக இருக்கும்போது, தனக்கு அதிகம் பொருந்துவது எது, குறைவாகப் பொருந்துவது எது என்று சொல்லியாக வேண்டும். அங்கே ‘ஆன்சர் கீ’ வைத்து என்ன செய்வது?

மாணவர்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. தேர்வுக் குறிப்பு வேறு மாதிரி சொல்லாவிட்டால், வீட்டில் எப்படி இருப்போம் என்பதை விட்டு, புராஜெக்ட், ஆய்வகம், குழு வேலையில் வழக்கமாக எப்படி நடந்துகொள்வோம் என்பதை நினைத்துப் பதில் சொல்லுங்கள். ஒரு வாக்கியத்துக்குப் பத்துப் பதினைந்து வினாடி போதும். 100 வாக்கியங்கள் அரை மணிக்குள் முடிந்துவிடும். ‘இரண்டும் இல்லை’ என்ற நடுப்பதிலை உண்மையாகவே தோன்றும் இடத்தில் மட்டும் பயன்படுத்துங்கள். பக்கத்து இருக்கை நண்பனோடு பேசிப் பேசி அடிக்க வேண்டாம். நேர்காணலில் அந்த அறிக்கையை வைத்துத்தான் கேள்வி வரக்கூடும், அப்போது நண்பனின் குணத்துக்கு நீங்கள் உதாரணம் தேட வேண்டியிருக்கும்.

எங்களுக்குப் பெரிய கவலை ஆங்கிலம்தான். ‘நான் அரிதாகவே எரிச்சலடைவேன்’ என்ற வாக்கியத்தைத் தமிழில் கொடுத்தாலே, ‘உடன்படவில்லை’ என்றால் எரிச்சல் வருமா வராதா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்த மாணவி இதை ஆங்கிலத்தில், திரையில், பதற்றத்தோடு படிக்கிறார். அவர் தடுமாறினால் அது மொழித் தடுமாற்றம். ஆனால் அறிக்கை அதை அவருடைய குணம் என்று எழுதிவிடுகிறது. இது பெரிய அநியாயம். தமிழ் வடிவத்தையும் கொடுக்கலாம், வாக்கியங்களை முறையாகத் தமிழாக்கி, தமிழ் மாணவர்களிடமே சோதித்துப் பார்த்த பிறகு. கூகுளில் போட்டு எடுத்து ஒட்டினால் நிலைமை இன்னும் மோசமாகும்.

நிறுவனங்களுக்கும் சொல்ல வேண்டியது உண்டு. மதிப்பெண்ணை யாரோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்துகிறீர்கள்? பத்தாண்டு அனுபவமுள்ள மேலாளர்களோடு ஒப்பிட்டால் எந்தப் புதுப் பட்டதாரியும் பின்னால்தான் நிற்பார். 16 வகை மனிதர்கள் என்று பிரிக்கும் எம்பிடிஐ தேர்வை ஆள் எடுக்கப் பயன்படுத்தக் கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். அப்படியும் அதை வடிகட்டியாக வைப்பது சரியல்ல. மனநலத்தைத் துருவும் கேள்விகள் வேலைத் தேர்வில் இருக்கவே கூடாது. மனநோய்களைக் கண்டறிய உருவான எம்எம்பிஐ தேர்வைப் பதவி உயர்வுக்குப் பயன்படுத்திய ஒரு நிறுவனத்தின் வழக்கில், அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005லேயே தீர்ப்பளித்தது. நம் நாட்டிலும் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மனநோயையும் ஆட்டிசத்தையும் 21 வகைக் குறைபாடுகளுக்குள் சேர்த்திருக்கிறது.

கல்லூரிகள் நிறுவனங்களை அழைக்கும்போதே மூன்று விவரங்களை எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும்: எந்தத் தேர்வு, அந்த மதிப்பெண்ணை மட்டும் வைத்து யாரையாவது நீக்குவார்களா, எழுதியவருக்கு அவருடைய அறிக்கை கிடைக்குமா. பதிலைத் தேர்வுக்கு ஒரு வாரம் முன்பாகவே பிளேஸ்மென்ட் அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள்.

இப்படிக்கு,
வேலைவாய்ப்புப் பயிற்றுநர்கள்,
கோயம்புத்தூர்.