மெஸ் நோட்டைக் கண்டெடுத்த தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நம் ஹாஸ்டலின் பழைய மெஸ் கணக்கு நோட்டில் ஒரு பக்கத்தை நீ வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பியிருந்தாயே, அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை, அந்தக் கோழிக் கிறுக்கல் என்னுடையதுதான். 1996 ஆகஸ்ட். பச்சை மையில் டிக் அடித்திருப்பது அப்போதைய துணை வார்டன். ஓரத்தில் இருக்கும் எண்ணெய்க் கறை மெஸ் மாஸ்டரின் கட்டைவிரல். ஸ்டோர் ரூமைக் காலி செய்தபோது எடைக்குப் போட வைத்திருந்ததை நீ எடுத்து வைத்தாயாம். அதற்கே உனக்கு ஒரு பிரியாணி வாங்கித் தரலாம். பிரியாணி என்றதும் உனக்கு எரிச்சல் வரும், தெரியும்.

ஹாஸ்டல் டேக்கு 240 பேருக்குச் சொல்லி, இலையில் உட்கார்ந்தது 90 பேர் என்று எழுதியிருந்தாய். பந்தி போடும் நேரம் பார்த்து கேட்டில் டெலிவரி பைகள் வந்து குவிந்தன, வாட்ச்மேன் ஒவ்வொரு ரூம் நம்பராகக் கூவிக்கொண்டிருந்தார் என்றாய். கடைசியில் ஒரு கேள்வி: "உங்க காலத்துல மட்டும் எப்படிண்ணா எல்லாரும் வந்தாங்க?" நான் வாய் திறப்பதற்குள் பதிலையும் நீயே போட்டுவிட்டாய்: "இப்ப எல்லாம் போன்தாண்ணா."

போனைத் திட்ட எனக்கும் ஆசைதான். போன வருஷம் ஏப்ரலில் ஒரு சர்டிபிகேட் வேலையாகத் திருச்சி வந்தவன், ராத்திரி ஹாஸ்டல் வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றேன். ஐபிஎல் மேட்ச் ஓடிக்கொண்டிருந்தது. டிவி ரூம் பூட்டிக் கிடந்தது. மாடியில் ஒரு ரூமிலிருந்து "ஓ" என்று ஒரு சத்தம். நாலைந்து நொடி கழித்துக் கோடி ரூமில் அதே "ஓ". அப்புறம் கீழே ஒன்று. ஒரே சிக்ஸர்தான், ஒவ்வொரு போனுக்கும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்கிறது. "டேய், முன்னாடியே கத்தித் தொலைக்காதீங்கடா!" என்று ஒருவன் கதவைத் திறந்து கத்திவிட்டு மறுபடி சாத்திக்கொண்டான்.

1996 மார்ச்சில் உலகக் கோப்பை காலிறுதி, பெங்களூரில், பாகிஸ்தானோடு. அமீர் சோஹைல் பவுண்டரி அடித்துவிட்டு பேட்டை நீட்டிக் காட்ட, அடுத்த பந்திலேயே வெங்கடேஷ் பிரசாத் அவர் ஸ்டம்பைப் பெயர்த்தாரே, அந்த நொடியில் ஒரே டிவி முன்னால் ஏறக்குறைய 200 பேர் எழுந்து குதித்ததில் டிவி ஸ்டாண்ட் சாய்ந்துவிட்டது. தாங்கிப் பிடித்தவன் ரீப்ளே பார்க்கவில்லை. இன்றைக்கும் அதைச் சொல்லிப் புலம்புவான்.

ஆக, போனுக்குப் பங்கில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் ஜியோ வந்தது 2016ல். நம் ஹாஸ்டலில் பந்தி கலைந்தது 1997ல். கலைத்தவர்களில் நானும் ஒருவன். இதை எந்தப் பழைய மாணவர் சந்திப்பிலும் யாரும் மைக்கில் சொல்லவில்லை, நானும்தான்.

உனக்கு 'டிவைடிங்' என்றால் என்னவென்று தெரியவில்லை. மாணவர்கள் நாங்களே நடத்திய மெஸ்ஸின் செலவை ஆள் கணக்கில் வகுப்பதுதான். நீ அனுப்பிய பக்கத்தையே எடுத்துக்கொள். மாத ஆரம்ப இருப்பு, அதோடு அந்த மாதம் வாங்கியது, அதில் மாதக் கடைசி இருப்பைக் கழித்தால் செலவு 99,000 ரூபாய். 212 பேர், 31 நாள். ஊருக்குப் போனவர்கள் எழுதிக் கொடுத்த மெஸ் கட் 572 நாளைக் கழித்தால் சரியாக 6,000 சாப்பாட்டு நாள். ஒரு நாளைக்கு 16 ரூபாய் 50 காசு. ஒரு நாள்கூட லீவு போடாதவனுக்கு பில் 511.50. லாபம் என்று ஒரு வரி அந்தப் பக்கத்தில் எங்கேயாவது இருக்கிறதா, தேடிப் பார்.

இந்தக் கணக்கில் ஒரு விஷமம் உண்டு. நீ கொட்டுகிற சோறு என் பில்லில் ஏறும். நான் இரண்டாவது முட்டையை டோக்கன் இல்லாமல் அமுக்கினால் 211 பேர் தலையில் விடியும். அதனால் எல்லோருக்கும் எல்லோர் தட்டின் மேலும் ஒரு கண். இரண்டு வேளை சாப்பிட வராதவனை ரூமுக்கே போய்த் தேடுவோம்: காய்ச்சலா, ஊருக்கா, மெஸ் கட் எழுதினானா இல்லையா? இதற்கு அக்கறை, பாசம் என்று பெயர் வைத்துவிடாதே. கணக்கு. ஆனால் கணக்குக்காகக் கதவைத் தட்டப் போனவன், உள்ளே ஒருத்தன் மஞ்சள் காமாலையில் சுருண்டு கிடப்பதைப் பார்த்துவிட்டு நோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பி வர முடியாதில்லையா?

மார்க்கெட்டும் அப்படித்தான். ரூம் வாரியாக முறை. ராத்திரி மூன்று மணிக்கு மாஸ்டர் வந்து ஜன்னல் கம்பியில் தட்டுவார். லோடு ஆட்டோவில் காந்தி மார்க்கெட். அந்த நேரத்தில் அங்கே பகல் மாதிரி வெளிச்சம், லாரிச் சத்தம், அழுகின முட்டைக்கோஸ் நாற்றம். சின்ன வெங்காய மூட்டையில் மேலே இருப்பதைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டு நின்ற என்னை மாஸ்டர், "தம்பி, கையை முழங்கை வரைக்கும் உள்ள விடுங்க" என்றார். விட்டேன். சொதசொதவென்று ஈரம். கடைக்காரர் சிரித்துக்கொண்டே வேறு மூட்டை எடுத்தார். பக்கத்து பிளாக்கில் கெமிஸ்ட்ரி படித்த ஒருவனுக்கும் எனக்கும் முதல் வருஷம் முழுக்கப் பேச்சு கிடையாது, ஏதோ பாத்ரூம் பக்கெட் தகராறு. முறை மாறி அவனோடு போக வேண்டி வந்தது. திரும்பும்போது கீரைக்கட்டுகள் நசுங்காமல் நடுவில் உட்கார இரண்டு பேருக்கும் ஒரே இடம்தான் இருந்தது. பாலக்கரை தாண்டுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டோம். இன்று என் மகளுக்குச் சித்தப்பா அவன்தான்.

நான் இப்போது ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறேன். ஆரம்ப இருப்பு, கடைசி இருப்பு எல்லாம் அந்த நோட்டில் கற்றதுதான், காலேஜில் கற்றதில்லை. அது கிடக்கட்டும்.

பொற்காலம் என்று நினைத்துவிடாதே. ராகிங் இருந்தது. 'சும்மா விளையாட்டு' என்று சீனியர்கள் சொன்னதில் இரண்டு பேர் முதல் மாதமே பெட்டியைக் கட்டினார்கள். 1996ல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் கொல்லப்பட்ட பிறகுதான், 1997ல் தமிழ்நாட்டில் ராகிங்குக்கு எதிராகச் சட்டமே வந்தது. மெஸ்ஸில் எந்த பெஞ்சில் எந்த ஊர்க்காரன் உட்காருவான் என்பதற்கு எழுதாத விதி இருந்தது. ஊர் என்று நாங்கள் சொன்னதில் பாதி சாதிதான். ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது இந்த மண்ணில் என்றைக்குமே லேசான விஷயமாக இருந்ததில்லை. சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சோறு போட்டதற்காகப் பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் சண்டைக்கு நின்று நூறு வருஷம் ஆகிறது. எங்கள் மெஸ்ஸில் தனிப் பந்தி இல்லை. ஆனால் நோட்டீஸ் போர்டு இருந்தது. ஸ்காலர்ஷிப் வர மார்ச் ஆகும். அதுவரை மெஸ் பாக்கி வைத்தவர்கள் பெயரை 'டிஃபால்டர் லிஸ்ட்' என்று ஒட்டுவோம். ஒட்டியவன் நான். எந்தப் பெயர்கள் ஒவ்வொரு மாதமும் வருகின்றன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பசை தடவினேன். அதில் ஒருவன் லிஸ்ட் ஒட்டிய நாட்களில் கடைசிப் பந்திக்குத்தான் வருவான், விளக்கு பாதி அணைத்த பிறகு.

சரி, 1997 ஜனவரிக்கு வருகிறேன். ஸ்டோரில் இரண்டு மூட்டை அரிசி குறைந்தது. அந்த மாத மெஸ் செக்ரட்டரி மேல் சந்தேகம். அவன் எடுக்கவில்லை என்று எனக்குத் தெரியும், நிரூபிக்க முடியவில்லை. நாள் ரேட் 19 ரூபாய்க்கு ஏறியது. அடுத்த மாதம் செக்ரட்டரியாக இருக்க ஒருவரும் முன்வரவில்லை. யார் திருட்டுப் பட்டம் வாங்குவது? அதைப் பேச ஒரு ராத்திரி கூடிய ஜி.பி. மீட்டிங்கில் (ஜெனரல் பாடி, ஹாஸ்டல்காரர்கள் எல்லோரும் கூடும் கூட்டம்) நிர்வாகம் ஒரு யோசனையை வைத்தது: மெஸ்ஸைக் காண்ட்ராக்டுக்கு விட்டுவிடலாம். மாதம் 600 ரூபாய், மார்க்கெட் கிடையாது, நோட்டு கிடையாது, சண்டை கிடையாது.

நான் எழுந்து பேசினேன். "நாம படிக்க வந்திருக்கோமா, கத்தரிக்காய் வாங்க வந்திருக்கோமா?" என்று கேட்டேன். நல்ல கைதட்டல். வசனம் மாதிரி இருந்தது அல்லவா? எதிர்த்துக் கை தூக்கியவர்கள் முப்பது பேர்கூட இல்லை. மாஸ்டர் கதவுக்கு வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாள் காலையில் என் தட்டில் பொங்கலை வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தட்டுக்குப் போனார்.

காண்ட்ராக்டர் சாப்பாடு மோசமில்லை. உண்மையைச் சொன்னால் இட்லி முன்பைவிட மெத்தென்று இருந்தது. ஆனால் சாம்பார் தண்ணியாக இருந்தால் திட்ட ஒரு வெளியாள் கிடைத்துவிட்டார். நமக்குள் பேச விஷயம் தீர்ந்துவிட்டது. ஜி.பி. மீட்டிங்குக்கு நாற்பது பேர் வந்தார்கள், அப்புறம் பதினைந்து, அப்புறம் மீட்டிங்கே இல்லை. முக்கியமானது இதுதான்: சாப்பிட வராதவனைப் பற்றி யாருக்கும் கவலை இல்லாமல் போனது. வராதவனால் எங்களுக்கு நட்டமில்லை, காண்ட்ராக்டருக்கு லாபம். உன் ஹாஸ்டல் டே அன்று ரூமில் பார்சல் பிரித்த 150 பேரும் அப்படித்தான். அவர்கள் வராததில் யாருடைய பில்லும் ஏறவில்லை. ஏறியிருந்தால் நீயே ஒவ்வொரு கதவையும் உதைத்திருப்பாய்.

மற்றதெல்லாம் பிறகு சேர்ந்துகொண்டது. 2009ல் ராகிங்கைத் தடுக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) போட்ட விதிப்படி முதலாமாண்டுப் பையன்களைத் தனி பிளாக்கில் வைக்கச் சொன்னார்கள். நியாயமான காரணம்தான், நான் குறை சொல்லமாட்டேன். அதோடு சீனியர் பழக்கிவிடுவது என்கிற நல்லதும் போனது. 2020 மார்ச்சில் ஹாஸ்டல் காலியாகி, மறுபடி நிரம்பும்போது, மூன்று வருஷப் படிப்பில் பழசைச் சொல்லித் தர ஆளே இல்லை. கேரம் போர்டு எந்த ரூமில் இருக்கிறது என்று தெரிந்தவன்கூடப் போய்விட்டான்.

நீ என்ன செய்யலாம் என்று கேட்கவில்லை. ஆனாலும் சொல்கிறேன், பெரியவன் ஆனதில் இந்த ஒரு வசதி இருக்கிறது.

காண்ட்ராக்டை ஒழிக்கிறேன் என்று வார்டன் முன்னால் போய் நிற்காதே, நடக்காது. ஞாயிறு ராத்திரி மட்டும் மெஸ் கிடையாது என்று சொன்னாயே, அதைப் பிடி. அடுப்புக்கு மட்டும் அனுமதி வாங்கு. முப்பது பேர் போதும். சோறு, முட்டைக் குழம்பு, அப்பளம். வாங்கப் போவது முறை வைத்து, ஒரே பிளாக்கில் இருந்து இரண்டு பேரை அனுப்பாதே. பணத்தை ஜிபே-யில் வாங்கிக்கொள், ஆனால் கணக்கைக் குரூப்பில் போட்டுவிட்டு விடாதே, சாப்பிடும் இடத்துச் சுவரில் சாக்பீஸால் எழுது. கை கழுவப் போகிறவன் நின்று கூட்டிப் பார்க்க வேண்டும். பணம் கட்ட முடியாதவன் பெயரை மட்டும் சுவரில் எழுதாதே. அதை உன் பாக்கெட் நோட்டில் வைத்துக்கொள்.

மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ ஒருவன் நீ காசு அடித்துவிட்டாய் என்பான். தக்காளி விலையைக் காட்டி முகத்துக்கு நேராகவே கேட்பான். அன்று ராத்திரி விட்டெறிந்துவிட்டுப் போகத் தோன்றும். எனக்கு போன் பண்ணு, எந்த நேரமானாலும்.

நோட்டை லேமினேட் பண்ணி மாட்டப் போகிறேன் என்றாயே, வேண்டாம். பின்னால் பதினாறு பக்கம் காலியாக இருக்கிறது, போட்டோவில் பார்த்தேன். அதிலேயே எழுது. அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு நான் வருகிறேன். என் பெயரில் ஒரு கெஸ்ட் டோக்கன் போட்டு வை. காசை மறக்காமல் வாங்கிக்கொள்.

இப்படிக்கு,
ரூம் நம்பர் 43, 1994–97